ஒன்பது ஜோடியும் ஒரே சட்டமும்

பெரியவர்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் கால்கூடச் சீக்கிரம் படிந்துவிடும், கைதான் நம்மைப் படாத பாடு படுத்தும். நீங்களும் டிரைவிங் ஸ்கூலோ, தையல் வகுப்போ, ஐம்பது வயதுக்காரர்களுக்கு நீச்சலோ சொல்லித்தருகிறவர் என்றால் என் கஷ்டம் உங்களுக்குப் பாதி சொன்னாலே புரியும். குழந்தையிடம் நில் என்றால் நிற்கும். நாற்பதைத் தாண்டியவர் எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்துகொள்வார்.

நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பதினாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். நாற்பத்தொரு வயதில் செங்கல்பட்டில் மின்சார ரயிலேறி சென்னைக்குப் போய் சல்சா என்னும் ஜோடி ஆட்டம் கற்றுக்கொண்டு, இப்போது அதே செங்கல்பட்டில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் சனி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆரம்பநிலை வகுப்பு நடத்துகிறேன். சல்சா வகுப்பில் யாரும் ஒரே ஜோடியோடு ஆட முடியாது. பெண்கள் வட்டமாக நிற்பார்கள். நான் கை தட்டினால் ஆண்கள் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்து அடுத்தவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதனால் எனக்கு ஒரே சட்டம்: எதிரே யார் வந்து நின்றாலும் கை கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நானே வளைத்து, என்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுத்த டேனியலை இழக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் வகுப்பு எப்படி நடக்கும் என்று தெரியாமல் அது உங்களுக்குப் புரியாது, ஆகவே ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

வலது கால்

சல்சாவில் ஆண் இடது காலை முன்னால் வைத்து ஆரம்பிக்க வேண்டும், எதிரே நிற்கும் பெண் வலது காலைப் பின்னால் எடுப்பாள். நம் ஊரில் யாரும் எதையும் இடது காலில் ஆரம்பிப்பதில்லை. முதல் நாள் நான் "ஒன்று" என்று எண்ணியதும் எட்டு ஆண்களும் பக்தியோடு வலது காலை முன்னால் வைத்தார்கள், எதிரே நின்ற பெண்களின் இடது கால் விரல்கள் நசுங்கின.

அதில் கடைசிவரை மாறாதவர் வரதராஜன் சார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவது தடவையும் வலது கால் வந்தபோது, நான் கொஞ்சம் சலிப்பாகவே, "சார், இது கிரகப்பிரவேசம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் நின்றுவிட்டார். தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

"வலது காலை வச்சுத்தான் மேடம் எல்லாத்தையும் ஆரம்பிச்சேன். வேலை, வீடு, கல்யாணம். வீட்டுக்காரி போயி மூணு வருஷம் ஆவுது. இனிமே இடதுல ஆரம்பிச்சா ஒண்ணும் ஆயிடாது."

வாசலில் செருப்பு

இரண்டாவது தொல்லை செருப்பு. மாடி ஹாலின் கிழக்குச் சுவரில் பெரிய முருகன் படம், சீரியல் பல்பு சகிதம். படத்தைப் பார்த்ததும் எல்லோரும் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள். மொசைக் தரையில் வெறுங்காலோடு சுழன்றால் பாதம் எரியும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். வீதியில் போடாத சுத்தமான ஷூ ஒன்று தனியாகக் கொண்டுவாருங்கள் என்றேன். முருகன் முன்னால் எப்படி என்று எல்லோரும் முழித்தார்கள். கீழே போய் மண்டப மேனேஜரிடம் படத்துக்குத் திரை ஏதாவது போடலாமா என்று கேட்டேன். அவர் பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மாப்புள்ளைங்க ஷூ போட்டுகினுதான் ரிசப்ஷன்ல நிக்கறானுங்க, சாமி இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல. நீங்க போயி ஆடுங்க மேடம்."

பஸ் கம்பி

டேனியலுக்கு முப்பத்தைந்து வயது. வாரநாட்களில் சிறுசேரி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகக் கட்டடத்தில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். முன்பு மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் மேடை விளக்கு பார்த்தபோது, விருந்தாளிகளுக்கு ஆடக் கற்றுத்தந்த ஒரு கியூபாக்காரரிடம் மூன்று வருஷம் கற்றுக்கொண்டவர். உள்ளதைச் சொல்வதென்றால் என்னைவிட நன்றாக ஆடுவார். நான் எண்ணிக்கையைப் பார்த்து ஆடுவேன், அவர் பாட்டைக் கேட்டு ஆடுவார். எங்கள் வகுப்பில் பெண்கள் ஒன்பது, ஆண்கள் எட்டு. ஒன்பதாவது ஆணாக வட்டத்தில் டேனியல் நிற்பார். வட்டம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு பெண்ணும் ஒரு முறை அவரோடு ஆடுவாள். அப்போதுதான் தான் சரியாக ஆடுகிறோமா என்று அவளுக்கே தெரியும்.

ஆண் இடது கையை நீட்டி பெண்ணின் வலது கையைப் பிடிக்க வேண்டும். யாராலும் முடியவில்லை. ஒருவருக்கு இடது கையால் எதையும் கொடுத்துப் பழகாதவர்கள், ஒரு பெண்மணிக்கு இடது கையை நீட்டுவதா என்று கூசினார்கள். நான் சல்சாவின் வரலாறெல்லாம் சொல்லிப் பார்த்தேன். டேனியல் வட்டத்தின் நடுவில் வந்து நின்று, உடம்பை லேசாக ஆட்டியபடி ஒரு கேள்வி கேட்டார். அதோடு எட்டு இடது கைகளும் தாமாக மேலே வந்தன.

"கூட்டமா கீற பஸ்ல நிக்கறீங்க, சோத்தாங்கையால டிக்கெட் வாங்கணும். அப்ப கம்பிய எந்தக் கையில புடிச்சிப்பீங்க?"

மாறு என்றால் மாற வேண்டும்

ரேவதி, சுரேஷ் இருவரும் கணவன் மனைவி. இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓரமாக எங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறோமே என்று சுரேஷ் கேட்டார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கணக்கு டீச்சர் புத்தி வந்துவிட்டது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று, முடியாது என்றால் வகுப்பை விட்டுவிடலாம், கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் கறாராகச் சொன்னேன். சொல்லிவிட்டு எவ்வளவு நேர்மையான ஆள் நான் என்று என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சுரேஷ் முகத்தை இறுக்கிக்கொண்டு நகர்ந்தார். ஒரு சுற்று முடிந்து அவர் மறுபடி மனைவி முன்னால் வந்து நின்றபோது ரேவதியின் முகம் தெளிவாக இருந்தது. ஒரு மாதமாக வீட்டு ஹாலில் ஆடிப் பழகி, ஒவ்வொரு தடவையும் சண்டையில் முடிந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"வேற எட்டுப் பேரோட ஆடினேன் மேடம், ஒருத்தரோடயும் தடுமாறலை. இவரோட மட்டும்தான் தடுமாறுது. இத்தனை நாளும் தப்பு என்னோடதுன்னே நினைச்சிட்டிருந்தேன்."

எந்தப் பக்கம்

கற்பகம் அம்மா மூன்றாவது வாரம் சேர்ந்தார். ஐம்பது வயது. பாலாற்றங்கரையில் ஓர் ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம், செங்கல்பட்டில் சொந்த வீடு. டாக்டர் நடக்கச் சொன்னார், நடப்பது போரடிக்கிறது, ஆடிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். தனியாக வரவில்லை. ஓரகத்தி அமுதாவையும் தெருவிலிருந்து மூன்று பெண்களையும் கூட்டிவந்தார். போதிய பெண்கள் இல்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்த வகுப்பு அன்றைக்குத்தான் ஒன்பது பெண்களோடு வகுப்பு மாதிரி ஆனது. வாய் நிறையப் பேசுவார், தப்பாக ஆடினால் தானே சிரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டு நாள் டேனியலோடு கை கோத்து நன்றாகவே ஆடினார். மூன்றாம் நாள் இடைவேளையில் அம்மா டேனியலிடம் எந்த ஊர் என்று கேட்டார். டேனியல் சொன்னார். அது கற்பகம் அம்மாவின் ஊர்தான். "நம்மூரா?" என்று அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி, ஊரில் எந்தப் பக்கம் என்று. "காலனிதாம்மா. சர்ச்சுக்கு எதிர் வூடு. எஸ்தர் புள்ள" என்றார் டேனியல், டீயை உறிஞ்சியபடி. நான் பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் இருவர் என் வகுப்பில் சந்தித்துக்கொண்டார்கள் என்று மகிழ்ந்தேன். அதுவரை அவரை எல்லோரையும் போல 'சார்' என்று கூப்பிட்ட அம்மா அடுத்த வாக்கியத்தில் ஒருமைக்கு மாறியதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"எஸ்தரு மவனா நீ? உங்கம்மா எங்க கழனிக்குத்தான நாத்து நட வருவா. சொல்லவே இல்ல பாரு."

தாகம்

அதற்குப் பிறகு கற்பகம் அம்மாவுக்கு வகுப்பில் அடிக்கடி தாகம் எடுத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டத்தை விட்டு விலகி, ஜன்னலோரம் வைத்த தண்ணீர்க் கேனுக்குப் போவார். நிதானமாகக் குடித்துவிட்டு, அடுத்த கைதட்டலுக்குத் திரும்பி வருவார். வெயில் காலம், பாவம், வயதானவர் என்று நினைத்தேன். அவர் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர்.

கணக்கு டீச்சருக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆனது வெட்கம். ஒரு வகுப்பில் வட்டம் இரண்டு முறை முழுதாகச் சுற்றும், அதாவது பதினெட்டு மாற்றம். அம்மா இரண்டே இரண்டு முறை தண்ணீர் குடித்தார். இரண்டுக்கும் நடுவே சரியாக ஒன்பது மாற்றம். அந்த இரண்டு முறையும் அவர் நின்ற இடத்துக்கு எதிரே டேனியல் காலி இடத்தைப் பார்த்து இடது கையை நீட்டியபடி தனியாக ஆடிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அன்று வகுப்பு முடிந்ததும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நானாக டேனியலிடம் ஆரம்பித்தேன். அவர் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சா ஒடம்புக்கு நல்லதுதானக்கா."

வெளியிலிருந்து பார்த்தால்

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சுரேஷிடம் பேசியது போல கற்பகம் அம்மாவிடம் நான் பேசவில்லை. அவர் போனால் அவரோடு நாலு பேர் போவார்கள், வகுப்பு பாதியாகும் என்பது ஒரு காரணம். ஆனால் அது பெரிய காரணம் இல்லை. எதிரே உட்கார்ந்து அந்த விஷயத்தை வாய்விட்டுப் பேச எனக்குப் பயம். நல்ல மனுஷி, சிரித்துப் பேசுகிறவர், அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று கூச்சம். டேனியலின் முகத்துக்கு நேரே ஒன்றைச் செய்ய மட்டும் அந்தக் கூச்சம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, இனிமேல் வட்டத்தில் ஒன்பதாவது ஆளாக நான் நிற்கிறேன், டேனியல் மூலையில் நின்று பாட்டைப் பார்த்துக்கொண்டு தப்புகளைச் சொல்லட்டும் என்று அறிவித்தேன். உள்ளே நின்றால் தப்பு தெரியாது, வெளியிலிருந்து பார்த்தால்தான் எல்லாம் தெரியும் என்று காரணமும் சொன்னேன். கேட்க அறிவாளித்தனமாகத்தான் இருந்தது. கற்பகம் அம்மாவுக்கு அன்று தாகமே எடுக்கவில்லை. முன்பெல்லாம் ஒருவர் தோளைத் தொட்டு நிமிர்த்துகிற டேனியல், அன்று எல்லாவற்றையும் மூலையில் நின்று வாயாலேயே சொன்னார். வட்டத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கிளம்பும்போது ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"சரிக்கா. பாட்ட நான் பாத்துக்கறேன்."

ரேவதியின் கேள்வி

இப்படி மூன்று வாரம் ஓடியது. ஒன்றும் குறையில்லாமல் நடக்கிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். ஆனால் வகுப்பு மோசமாகிக்கொண்டிருந்தது. பெண்கள் சுழலும்போது தடுமாறினார்கள். என்னோடு ஆடுகிறபோது என் எண்ணிக்கைக்குக் காத்திருந்தார்கள், பாட்டைக் கேட்கவில்லை. வரதராஜன் சார்கூட, டேனியல் சார் பக்கத்து ஜோடியில் இருந்தால் அவர் காலைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன், இப்போது பார்க்க ஆள் இல்லை என்று குறைபட்டார்.

நான்காம் வாரம் படியிறங்கும்போது ரேவதி என்னை நிறுத்தினாள். கணவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, டேனியல் சார் ஏன் வட்டத்தில் இல்லை என்று கேட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் தப்பு தெரியும் என்ற பழைய பாட்டையே பாடினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கற்பகம் அம்மாவின் ஸ்கூட்டர் கீழே கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். 

"அப்ப அந்த ரூல் எங்களுக்கு மட்டும்தானா மேடம்?"

தண்ணீர் எல்லோருக்கும் சேர்த்து

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டேனியலை மறுபடி வட்டத்தில் நிற்கச் சொன்னேன். அவர் "வேணாம்க்கா, இப்புடியே இருக்கட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்திருக்க வேண்டும், அதுவும் செய்யவில்லை. இனி தண்ணீர் வட்டம் முழுதாகச் சுற்றிய பிறகு எல்லோருக்கும் சேர்த்துத்தான், நடுவில் யாரும் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஆறாவது மாற்றத்தில் டேனியல் கற்பகம் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார். இடது கையை நீட்டினார். அம்மா இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். டேனியல் கையை மடக்கவில்லை. நீட்டிய கையோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைத்தார். முழுதாக எட்டு எண்ணிக்கை, பிறகு இன்னோர் எட்டு. மற்ற எட்டு ஜோடிகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

பாட்டை நிறுத்தினேன். எதிரே யார் வந்து நின்றாலும் கை கொடுக்க வேண்டும் அம்மா என்றேன். "எனுக்குக் கை வலி கீதும்மா" என்றார் அவர். வலி இருந்தால் யாரோடும் ஆட வேண்டாம், டேனியலோடு ஆடாமல் மற்றவர்களோடு மட்டும் ஆடுவது இந்த வகுப்பில் இனி கிடையாது என்றேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. கோபத்தைவிட அவமானம்தான் அதில் அதிகம் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவரோடு வந்த மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள்.

ஓரகத்தி அமுதாவும் வாசல்வரை போனார். அதிகம் பேசாதவர், ஏழெட்டு வாரத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் ஜாஸ்தி. ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு லேஸை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, கற்பகம் அம்மா விட்டுப்போன இடத்தில் டேனியலுக்கு எதிரே நின்றார். வலது கையைத் தூக்கினார்.

"எனுக்குக் கை வலி இல்ல."

போன்

இரண்டு நாள் கழித்து கற்பகம் அம்மா போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்தார். அமுதா வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்றார். அமுதாவோடு யாரும் பேசுவதில்லை என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். நீங்கள் இரண்டு வகுப்பு டேனியலோடு நன்றாகத்தானே ஆடினீர்கள், அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். அப்போது தெரியாது என்றார். தெரிந்த பிறகு என்ன மாறியது என்று கேட்டேன். அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை, அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவும் எண்ண முடியவில்லை. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

"அந்தப் புள்ள நல்லாத்தான் ஆடுது, நான் இல்லன்னு சொல்லல. நீங்க வெளியூரு, இன்னிக்கி ஆடுவீங்க, நாளைக்கி மூட்டையக் கட்டிகினு போயிருவீங்க. நான் அந்த ஊர்ல நாலு பேரு மூஞ்சில முழிக்கணும்."

கோவளம்

டேனியல் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார். அதற்கடுத்த வாரமும் அதே செய்தி. கணக்குப்படி பார்த்தால் அவர் தேவையே இல்லை. பெண்கள் ஐந்து பேராகிவிட்டார்கள், ஆண்கள் எட்டு. ஆனால் அமுதா ஒவ்வொரு மாற்றத்திலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் ஞாயிறு காலை நான் கல்பாக்கத்தில் ஈ.சி.ஆர். பஸ் ஏறி, டேனியல் வாடகைக்குக் குடியிருக்கிற கோவளத்தில் போய் இறங்கினேன். சர்ச் முடிந்து, மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னைக் கடலோர டீக்கடைக்கு அழைத்துப் போனார். படகுகள் கரையேறியிருந்தன. மீன் ஏலம் முடிந்துபோன நேரம், மணலில் ஐஸ் கட்டிகள் கரைந்துகொண்டிருந்தன.

நான் ஏதோ பெரிய காரியம் சாதித்த நினைப்பில் போயிருந்தேன். நாலு பேர் போனாலும் பரவாயில்லை என்று உங்களுக்காக நின்றேன் பாருங்கள் என்று சொல்லாமல் சொன்னேன். இனி எவரும் அப்படி நடந்துகொள்ள விடமாட்டேன், கற்பகம் அம்மா செய்ததை மறந்துவிடுங்கள் என்றேன். அந்தம்மா முதல் முறை தண்ணீர் குடிக்கப் போன அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார் டேனியல். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான், அதற்காக வகுப்பை விட்டிருக்க மாட்டேன், இன்னும் பத்து வாரம் காலி இடத்தோடு ஆடச் சொன்னாலும் ஆடியிருப்பேன் என்றார். அப்படியானால் ஏன் வரவில்லை என்று கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தம்மா ஒளிச்சிகினது அவங்க கையக்கா. நீங்க ஒளிச்சது என் கைய."

நான் மன்னிப்புக் கேட்டேன், முன்பே தயார் செய்துகொண்டு போன எந்த வார்த்தையும் அதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் யோசித்தார். ஒரு சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்து, என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் வட்டத்தில் தன் இடத்தில் நின்றார். ஒன்பது ஜோடி இன்னும் சேரவில்லை. வாசல் பலகையில் 'ஆரம்பநிலை' என்று எழுதியிருப்பது மாணவர்களைப் பற்றித்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.